கடலடிக் கேள்விகள்: முதல் பிசிடி எதை வாங்குவது?

கேள்வி: கோவளத்தில் ஓப்பன் வாட்டர் என்னும் ஸ்கூபா தொடக்கப் பயிற்சி முடித்துவிட்டேன். சொந்தமாக ஒரு பிசிடி (காற்றை ஊதியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) வாங்க ஆசை. கடையில் 20 கிலோ தூக்கும் பெரிய ஜாக்கெட்டைக் காட்டுகிறார்கள். நண்பன், முதுகில் மட்டும் காற்றுப்பை உள்ள விங்தான் நல்லது என்கிறான். சிப்பி எடுக்கப் போகும் என் சித்தப்பாவோ, ‘கடல்ல இறங்க எதுக்குலே சட்டை?’ என்று சிரிக்கிறார்.
– வாசகர், குளச்சல்

பதில்: சித்தப்பா சிரிக்கட்டும் தம்பி, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கடியபட்டணம் பாறையில் சிப்பி எடுப்பவர் ஒரே மூச்சில் இறங்கி ஏறிவிடுவார். நீங்கள் சிலிண்டரோடு முக்கால் மணி நேரம் கீழே இருப்பீர்கள்; அதற்குள் உங்கள் எடை மாறிக்கொண்டே போகும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல். 50 பாரில் மேலே வரும்போது அதில் ஏறக்குறைய இரண்டு கிலோ போயிருக்கும். வெட்சூட் (நுரை ரப்பராலான முக்குளிப்பு உடை) வேறு: 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, அதன் நுரை நசுங்கி, மிதக்கும் பலத்தை இழக்கும். இந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் பிசிடி.

நம் கடல் வெதுவெதுப்பானது, 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். ஒற்றை சிலிண்டரோடு போனால் 12 முதல் 14 கிலோ தூக்கும் பை தாராளம். 20 கிலோ என்பது குளிர்கடலில் தடித்த உடையும், மூழ்குவதற்காக இடுப்பில் நிறைய ஈயமும் சுமப்பவர்களுக்கு. பெரிய பையில் காற்று அங்குமிங்கும் ஓடும், நீரில் இழுவையும் கூடும்.

ஆனால் முதலில் ஈயத்தைச் சரிசெய்யுங்கள். சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது பிசிடியைக் காலி செய்து, அசையாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து வைத்திருங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூழ்கினால் ஈயம் அதிகம். புதியவர்களில் பலருக்கு அதிகமாகத்தான் இருக்கும். அதைத் தூக்கி நிறுத்தத்தான் பெரிய ஜாக்கெட் தேவைப்படுகிறது!

சரி, ஜாக்கெட்டா விங்கா? ஜாக்கெட் மேற்பரப்பில் நெட்டுக்குத்தலாக நிறுத்தும். காற்று நிரம்பினால் விலாவை இறுக்கும். விங் அடியில் உடலைப் படுக்கைவசமாக வைக்கும். மேலே அளவுக்கு மீறி ஊதினால் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். கொஞ்சமாக ஊதி, பின்னால் சாய்ந்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை. என் ஓட்டு விங்குக்கு.

அதிலும் ஒன்று கவனியுங்கள். முட்டத்திலோ சின்னமுட்டத்திலோ நீங்கள் போகப்போவது பெரும்பாலும் ஏணி இல்லாத ஃபைபர் வள்ளம். தண்ணீரிலேயே ஈய பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்து, பிசிடியையும் கழற்றிக் கொடுத்து, அப்புறம்தான் வள்ளத்தில் ஏற முடியும். விங்கில் ஒரே நாடாவாக ஓடும் ஹார்னஸ் (தோள், இடுப்புக் கட்டு) பார்க்க அழகு. அலையில் ஆடிக்கொண்டே அதிலிருந்து தோளை உருவுவது பெரும்பாடு. தோளில் ஒரு கையால் திறக்கும் பக்கிள் உள்ளதாக வாங்குங்கள். விற்பவர்கள் பைகளையும் வளையங்களையும் பற்றித்தான் பேசுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் வெட்சூட்டின் மேல் போட்டு, முழுக்க ஊதி, ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. பழையது வாங்கினால் ஊதி ஒரு இரவு வைத்திருந்து பாருங்கள். காற்று ஊதும் இன்ஃப்ளேட்டர் பொத்தான், அமுக்கிக் கையை எடுத்ததும் சட்டென்று திரும்ப வேண்டும், சிக்கினால் வேண்டாம். வாங்கிய பிறகு உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவுங்கள், உப்பு படிந்தால் வால்வு கசியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நம் மேற்குக் கரையில் எப்படியும் இறங்க முடியாது. அதனால் இப்போது பணத்தைச் செலவழிக்காதீர்கள். கடல் தெளிந்ததும் ஒரே நாளில் வாடகைக்கு முதல் டைவுக்கு ஜாக்கெட்டும் இரண்டாவதுக்கு விங்கும் எடுத்து, அதே ஈயத்தோடு போய்வந்து முடிவு செய்யுங்கள். அதற்குள் கையில் காசு இருந்தால் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள்.