பாட்டு ரீச்சருக்குப் புதுக் கீர்த்தனை எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர்ப் பாட்டு ரீச்சர் மாசித் திருவிழாவில் தேயிலைக் கொழுந்தைப் பற்றி ஒரு புதுக் கீர்த்தனை பாடினார். யாரோ ஒரு கவிஞருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கினாராம். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவருக்கு இந்த வேலை எதற்கு? எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா இப்படியெல்லாம் செய்தாரா? எவ்வளவுதான் கொடுத்திருப்பார்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: செய்தார் ஐயா. ஆள் தெரியாமல் சாட்சிக்கு இழுத்துவிட்டீர்கள். 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடினாரே, அந்தக் கச்சேரிக்கென்றே காஞ்சிப் பெரியவர் எழுதியதுதான் 'மைத்ரீம் பஜத'. மெட்டுப் போட்டவர் வசந்த் தேசாய், இந்திப் படங்களுக்கு இசையமைத்தவர். அது போதாதென்று அதே மேடைக்கு ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார், அதையும் பாடினார். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை 'குறையொன்றும் இல்லை' ஒலிக்கும் என்றால், அதுவும் ராஜாஜி எழுதியதுதான். தியாகராஜர் எழுதியதல்ல.

திருப்பாவை முப்பதுக்கும் இன்று எல்லோரும் பாடுகிற மெட்டுகளை அமைத்தவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். நாம் கச்சேரி என்று சொல்கிற அந்த வரிசையையே ஒழுங்கு பண்ணியவரும் அவர்தான். மெட்டுப் போடுவது வித்வானுக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை.

இனி, 'பரீட்சைக்குத் தயார்படுத்துகிறவர்' என்று ஒரு தட்டுத் தட்டினீர்களே, அதற்கு வருகிறேன். சொல்லிக்கொடுப்பது மேடை கிடைக்காதவர்களின் வேலை என்று நம்மிடம் ஒரு நினைப்பு. எம்.எல். வசந்தகுமாரி மேடையில் உச்சத்தில் இருந்தவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடம் கூடப் பாடியே சுதா ரகுநாதன் உருவானார். அங்கே மேடையே வகுப்பு. இங்கே நம் ரீச்சருக்கு வருடத்தில் இரண்டு திருவிழா மேடை, மிச்ச நாளெல்லாம் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையும் சாதாரண தரப் பாடத்திட்டமும். அதே வர்ணம், அதே கீர்த்தனை, பிள்ளைகள் மாறுவார்கள். அதில் தொண்டை வற்றிப் போகாமல் புதிதாக ஒன்றைத் தேடியிருக்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அன்று நானும் அங்கே இருந்தேன். காலையிலிருந்து மழை, மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதியோடு சேர மாட்டேன் என்றது, பாவம், அந்தத் தம்பி தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டே இருந்தார். அதற்கு நடுவிலும் ஒன்றைக் கவனித்தேன். 'கொழுந்து' என்று வாய்விட்டு நீட்டிப் பாருங்கள். கடைசி 'து'வில் குரல் நிற்க இடமே இல்லை, அரை மாத்திரையில் கரைந்துவிடும். பல்லவியை அந்தச் சொல்லில் முடித்திருந்தால் பாட்டு அங்கேயே விழுந்திருக்கும். கவிஞர் அதை 'கொழுந்தே' என்று விளியாக்கியிருந்தார். அந்த ஏகாரத்தைப் பிடித்துக்கொண்டு ரீச்சர் மேல் ஷட்ஜம் வரை, அதாவது உச்ச 'ஸ' வரை போய்வந்தார். பாடுகிறவரும் எழுதுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் நடக்கும். எழுதி வாங்குவது என்றால் கடையில் சாமான் வாங்குவது போல என்று நினைத்துவிடாதீர்கள். குறையும் உண்டு: சரணத்தின் மூன்றாவது வரியில் சொற்கள் அதிகம், ஆதி தாளத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுகிற நிரவலுக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

கொழுந்தெல்லாம் கீர்த்தனைக்கு ஏற்ற விஷயமா என்ற கேள்வியும் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நம் சனம் பாட்டுக்கு வெளியே நின்றதில்லை. கொழுந்தும் கங்காணியும் வருகிற தோட்டப் பாட்டுகளை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடிச் சேர்த்தார். காமன் கூத்தில் ரதி அழுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்குச் சோக ராகமான முகாரியை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்க் காவிரியைக் கண்ணால் காணாமலே கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறோம். வாசலில் நிற்கிற தேயிலை மட்டும் எப்படி மட்டமாகிப் போனது?

எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டிருந்தீர்கள். தயங்கித் தயங்கி நானும் கேட்டுவிட்டேன். நான்கு பிள்ளைகளின் ஒரு மாத வகுப்புப் பணம். அன்றைய கச்சேரிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பொன்னாடையும் ஒரு தட்டுப் பழமும். மிருதங்கத் தம்பியின் பஸ் காசு அவர் கையிலிருந்து போனது.