ரெட்டோரிக்கல் அனாலிசிஸ் கட்டுரைன்னா என்ன? ஒரு பொதுத் தகவல் பக்கத்த வச்சு அத எப்படி எழுதறது?

சிம்பிளா சொன்னா, ஒரு பக்கம் என்ன சொல்லுதுன்னு எழுதறது இல்ல, நம்மள எப்படி ஒத்துக்க வைக்குதுன்னு பிரிச்சுப் பாக்கறது. அம்மா குழந்தைக்கு மருந்து குடுக்கறத யோசிங்க, "டாக்டரே சொல்லிட்டாரு"ன்னா நம்பிக்கை, "குடிச்சா காய்ச்சல் விட்டுடும்"னா காரணம், "என் தங்கம்ல"ன்னா பாசம், இந்த மூணுக்கும் தான் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே ஈதோஸ், லோகோஸ், பேதோஸ்னு பேர் வச்சுட்டுப் போயிட்டாரு.

பொதுத் தகவல் பக்கத்துக்கு உதாரணமா சுகாதாரத் துறையோட வெப்சைட் பக்கம் ஒண்ண எடுத்துக்கலாம், வெறும் தகவல் தானேன்னு தோணும், ஆனா அதுவும் நம்மள ஒரு வேலைய செய்ய வைக்கத்தான் எழுதுனது, அதனால தான் இதுல அலச விஷயம் இருக்கு. "20 செகண்ட் சோப்பு போட்டு கை கழுவுங்க"ன்னு ஒரு வரி இருந்தா, "நல்லா கழுவுங்க"ன்னு விடாம ஏன் நம்பர் போட்டாங்க, மேல ஏன் துறையோட லோகோ (சின்னம்), கீழ ஏன் கடைசியா அப்டேட் செஞ்ச தேதி, போட்டோல ஏன் ஒரு குழந்தை, இதெல்லாம் யார மனசுல வச்சு செஞ்சாங்க, அது எடுபடுதான்னு எழுதுங்க. லோகோ இருக்குன்னு சொல்லிட்டு நகந்துட்டா மார்க் வராது (பாதிப் பேர் சறுக்கறது இங்கதான்).

அப்புறம், அனாலிசிஸ்னா குறை கண்டுபிடிக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க, கை கழுவறது நல்லதா இல்லையாங்கற வாதமும் இந்தக் கட்டுரைல வராது.