பிரேக் லைட் எரிகிறதா, பாருங்கள்

கே: பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, கியர் லிவர் மட்டும் 'பி'யை (பார்க்கிங்) விட்டு நகரவில்லை. கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். - ஓர் ஆச்சி, தேவகோட்டை

ப: இறக்க விடாதீர்கள் ஆச்சி. பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பெடலுக்கு மேலே இருக்கிற சின்ன ஸ்விட்சோ, ஒரு பியூஸோ போயிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக்கை மிதிக்காமல் வண்டி 'பி'யிலிருந்து வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் ஷிப்ட் லாக் வைத்திருக்கிறார்கள். மிதித்ததும் அந்த ஸ்விட்ச் தகவல் கொடுக்க, லிவருக்கு அடியில் இருக்கும் சொலினாய்டு என்கிற சின்ன மின்காந்தம் 'டிக்' என்று பூட்டை விடுவிக்கும். லைட் எரிந்தும் அந்தச் சத்தம் கேட்கவில்லையா, அப்போதும் சொலினாய்டு, ஒயர் என்று பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸ் பக்கமே போகணும். பேட்டரி படுத்துவிட்டாலும் இதே கதைதான்.

அவசரத்துக்கு வழி உண்டு. பல கார்களில் லிவர் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே சாவியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அழுத்தினால் லிவர் நகரும். ஆனால் பிரேக் லைட் எரியாத வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள். மூடி எங்கே என்பது கார் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டைத்தான் இங்கே ஒருத்தரும் கேட்டு வாங்குவதில்லை! டயரைத் தட்டுகிறோம், பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பார்க்கிறோம், விலையில் ஐயாயிரம் குறைத்துவிட்டு ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறோம். நான் வாங்கிய பழைய காரோடு வந்தது ஒரு பிள்ளையார் பொம்மையும் பாதி தீர்ந்த சென்ட் பாட்டிலும்தான்.

கே: வீட்டு வாசல் சரிவில் நிறுத்தினால் லிவர் இழுக்க இழுக்க வரமாட்டேன் என்கிறது. பூட்டு கோளாறா? - கண்டனூர் வாசகர்

ப: இல்லை. 'பி'யில் ஒரு கொக்கி கியர்பாக்ஸுக்குள் பல்லைப் பிடித்துக்கொள்ளும். வண்டி பாரம் முழுக்க அதன் மேல் விழுகிறது. நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டு, பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு, மறுபடி பிரேக்கை மிதித்து 'பி' போடுங்கள்.

கே: விற்பவர், "அந்த லாக் தொல்லை, கழற்றிவிட்டேன், ஈஸியா இருக்கும்" என்கிறார். வாங்கலாமா?

ப: வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு முறை வேண்டாம்.

கே: என் புது ஏஎம்டி காரில் 'பி'யே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? - புதுவயல்

ப: ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றுகிற வகை; பெரும்பாலான ஏஎம்டி வண்டிகளில் 'பி' கிடையாது. கியரில் விட்டு அணைத்து, ஹேண்ட் பிரேக் போடணும். ஓட்டிப் பார்க்காமலா அண்ணே அத்தனை லட்சம் கொடுத்தீர்கள்?

கே: கியர்பாக்ஸ் வேலை என்று 40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வேறு இடத்தில் காட்டினால், போனது ஸ்விட்ச்தானாம், கியர்பாக்ஸைப் பிரிக்கவே இல்லையாம். - பள்ளத்தூர்

ப: வயிறு எரிகிறது. இரண்டாவது மெக்கானிக் சொன்னதை எழுதி வாங்குங்கள். பில், பணம் போன போன் பதிவு, கழற்றிய பழைய பாகம், எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகணும், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில் தரவில்லை என்றால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். காரைக்குடியில் பர்மா தேக்கு என்று நான் பில் இல்லாமல் வாங்கிய நாற்காலியைச் சுரண்டினால் உள்ளே வேறு மரம், கேட்கப் போனால், "இது எங்க கடையில வாங்கினதா?" என்றார்கள்.