குட்டி டாஃபடில் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் டாஃபடில் செடியில் பல்போகோடியம், சைக்லமினியஸ் என்ற இரண்டு குட்டி வகைகளின் கிழங்குகளை வாங்கி ஒரே தொட்டியில் நட்டேன். முதல் வருடம் இரண்டும் பூத்தன. இப்போது பல்போகோடியம் வெறும் இலையாக நிற்கிறது. கோடையிலும் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறேனே? - வாசகி, லண்டன்

பதில்: அந்தக் கோடைத் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். பல்போகோடியம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துச் செடி. அங்கே வசந்தத்தில் ஈரமாக இருக்கும் புல்வெளி கோடையில் காய்ந்துவிடும், கிழங்கும் அந்தச் சூட்டில் தூங்கும். அந்தத் தூக்கத்தில்தான் அடுத்த வருடப் பூ உள்ளே உருவாகிறது. சைக்லமினியஸுக்கோ ஆற்றங்கரை ஈரம் வேண்டும், முழுக்கக் காயவிட்டால் போய்விடும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் யாராவது ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும்.

இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை வெட்டாதீர்கள், முடிச்சுப் போடாதீர்கள். அப்புறம் கிழங்குகளை எடுத்துத் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றுங்கள். பல்போகோடியத்துக்குப் பாதிக்குப் பாதி பொடிக்கல் கலந்த மண், மழை படாத இடம், செப்டம்பரில் மறுபடி தண்ணீர். இலை இருக்கும் காலத்தில் தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் உரத்தை வழக்கமான அளவில் பாதி எடுத்துக் கரைத்து ஊற்றினால் போதும்.

சைக்லமினியஸை மட்டும் இழந்துவிடாதீர்கள். மிரண்ட முயல் காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வதுபோல அதன் இதழ்கள் முழுக்கப் பின்னோக்கி மடிந்திருக்கும், நடுவில் நீளமாக ஒரு மஞ்சள் குழல். பழைய படத்தில் இதைப் பார்த்த வில்லியம் ஹெர்பர்ட் என்ற தாவர அறிஞர் இப்படி ஒரு பூ இருக்கவே முடியாது என்று எழுதிவிட்டார். 1885இல் போர்ச்சுகலில் போர்ட்டோ அருகே அதே பூ கிடைத்தது!

கேள்வி: விடுமுறைக்கு ஸ்பெயின் போகிறோம். மலையில் பார்த்தால் இரண்டு கிழங்கு தோண்டி வரலாமா? - அதே வாசகி

பதில்: வேண்டாம், தயவுசெய்து. பூத்து நிற்கும்போது பிடுங்கிய கிழங்கு பிழைப்பதும் கடினம், அந்த இடமும் காலியாகும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிக்க ஆசை இருந்தால் விதைதான் வழி, மலைச்செடி வளர்ப்பவர்களின் சங்கமான ஆல்பைன் கார்டன் சொசைட்டியில் சேர்ந்தால் உறுப்பினர்களுக்கு வருடந்தோறும் விதை கொடுக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்தால் குளிர்காலம் முடிவதற்குள் முடி போல ஒற்றைப் பச்சை இலை எட்டிப் பார்க்கும். பூக்க மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும், பரவாயில்லை. உங்கள் பல்போகோடியம் மறுபடி பூத்ததும் ஒரு காயை மட்டும் விட்டுவையுங்கள், அது பழுத்து வெடிக்கும்போது உள்ளே பளபளவென்று கருப்பு விதைகள் இருக்கும்.