குழந்தையின் குரல்வளைப் பாப்பிலோமா: அறிக்கையில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

மூன்று வயது மகனின் பயாப்சி அறிக்கையில் 'ஹெச்பிவி 11' (மனித பாப்பிலோமா வைரஸ், வகை 11) என்று இருக்கிறது. 6-ஐ விட 11 கொடியது என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. குழந்தைகளின் சுவாசப் பாதையில் வளரும் மரு போன்ற கட்டிகளான பாப்பிலோமாக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 6, 11 என்ற இரண்டே வகை வைரஸ்களால் வருபவை. 11 உள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை அடிக்கடி தேவைப்படுவதையும், கட்டிகள் மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் இறங்குவதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஆனால் 11 உள்ளவர்களுக்கு நோய் பெரும்பாலும் மிகச் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் கடுமைக்குக் காரணம் வைரஸா, வயதா? 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் சேர்த்து அலசி, வயதுக்கே கூடுதல் பங்கு என்றது. மூன்று வயதுக்கு முன் நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு, ஓர் ஆண்டில் நான்குக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் தேவைப்படும் வாய்ப்பு 3.6 மடங்கு அதிகம் என்று வேறோர் ஆய்வு காட்டியது. சின்னஞ்சிறு குரல்வளையில் சிறிய கட்டிகூடப் பாதையை அடைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே அந்த எண்ணைத் தீர்ப்பாகப் படிக்காதீர்கள். 11 இருந்தும் சில சிகிச்சைகளோடு அடங்கிய குழந்தைகள் உண்டு; 6 இருந்தும் ஆண்டுக்கணக்கில் போராடுபவர்களும் உண்டு. முதல் ஓராண்டில் கட்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எங்கே பரவுகிறது என்பதைத்தான் நான் உற்றுக் கவனிப்பேன்.

வகை தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

பெரும்பாலும் மாறாது. எப்போது அறுவை சிகிச்சை என்பதை மூச்சுப் பாதையின் நிலையே முடிவு செய்யும். 11 என்றால் கண்காணிப்பின் இடைவெளியைக் குறைப்போம்.

ஒரே தடவையில் முழுவதும் வெட்டி எடுத்துவிட முடியாதா?

பெற்றோர் அனைவரும் கேட்கும் கேள்வி இது. அந்தத் தவிப்பு புரிகிறது. கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் சவ்விலும் வைரஸ் ஒளிந்திருக்கிறது. ஆழமாக வெட்டினாலும் அது போகாது. குரல்நாண்களில் தழும்பு விழுந்து குரல்தான் நிரந்தரமாகக் கெடும். கட்டியை மட்டும் சீவி எடுத்து, மூச்சையும் குரலையும் காப்பதே நோக்கம். அடிக்கடி திரும்பும் கடுமையான நோய்க்கு பெவாசிசுமாப் மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவது இப்போது நல்ல பலன் தருகிறது.

என்னிடமிருந்துதான் வந்ததா? சிசேரியன் செய்திருந்தால் தப்பியிருப்பானா?

பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தே வைரஸ் தொற்றுகிறது. ஆனால் இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை அம்மா. இந்த வைரஸ் மிகப் பரவலானது. உடலில் இருப்பதே பலருக்குத் தெரியாது. பிறப்புறுப்பில் மரு இருந்த தாய்மார்களை டென்மார்க்கில் ஆராய்ந்தபோது, 1000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 7 குழந்தைகளுக்கே இந்நோய் வந்திருந்தது. சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. அதனால், இந்நோயைத் தடுப்பதற்கென்றே சிசேரியன் செய்யச் சொல்வதில்லை.

பல மாதங்களாக மகளின் குரல் கரகரப்பாகவே இருக்கிறது. ஆஸ்துமா மருந்தால் குறையவில்லை.

இனியும் காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, மெல்லிய குழாய்க் கேமராவால் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்நோயை ஆஸ்துமா என்று நினைத்துப் பல மாதங்களை இழந்துவிடுவது வருத்தமளிக்கும் அளவுக்கு வழக்கமாக இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தடுப்பூசி இந்நோயைத் தடுக்குமா?

வருங்காலத் தாய்மார்களுக்குச் சிறுமிகளாக இருக்கும்போதே போட்டால் தடுக்கும். ஹெச்பிவியின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளுக்கு மட்டுமான தடுப்பூசி இதற்குப் போதாது; நான்கு அல்லது ஒன்பது வகைகளுக்கானவற்றில்தான் 6, 11 அடங்கியுள்ளன. 2007-இல் நான்கு வகைத் தடுப்பூசியைத் தேசியத் திட்டமாக்கிய ஆஸ்திரேலியாவில், 2012-இல் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்த புதிய நோயாளிகள் விகிதம் 2016-இல் 0.02 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் புதிதாக நோய் கண்ட குழந்தைகளின் தாய்மார்களில் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் அல்லர்.