கதவைச் சாத்திக்கொள்ளும் வயது: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது முடிந்து சில மாதங்களே ஆகின்றன. இடப்பக்க மார்பில், காம்புக்குக் கீழே, சிறிய கட்டி ஒன்று தென்படுகிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். எனக்குப் பெரும் அச்சமாக இருக்கிறது. என் மடியை விட்டு இறங்காமல் இருந்தவள், இப்போது உடை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது?

பதில்: நீங்கள் கட்டி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மார்பக மொட்டாகவே, அதாவது வளரத் தொடங்கும் மார்பகமாகவே இருக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பெரும்பாலோரிடம் அதன் முதல் அடையாளம் இதுதான். ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்தும் தோன்றுவதும், தொட்டால் நோவதும் இயல்பே. அடிக்கடி அழுத்திப் பார்க்காதீர்கள். அந்த இடம் சிவந்து சூடானாலோ, காம்பிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். 8 வயது நிறையும் முன்பே இது தோன்றினாலும், 13 வயது முடிந்தும் தோன்றாவிட்டாலும் குழந்தை மருத்துவரின் பரிசோதனை தேவை.

மொட்டு தோன்றிய பிறகு, பொதுவாக இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிடாய் வருகிறது. அதுவரை காத்திருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவைப்பதற்குக் கிடைத்த அவகாசம் அது. எதுவும் தெரியாத பிள்ளை உள்ளாடையில் இரத்தத்தைக் கண்டால், தனக்குக் காயமோ நோயோ வந்துவிட்டதென்றே எண்ணும். பல நாட்கள் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்த சிறுமிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமல், அவள் கேட்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். தொடக்க ஆண்டுகளில் மாதவிடாய் 21 நாட்களுக்கு ஒருமுறையும் வரலாம், 45 நாட்களுக்கு ஒருமுறையும் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கும் 9 முதல் 14 வயது வரையிலான காலமே மிகவும் ஏற்றது என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைப் பற்றியும் கேளுங்கள்.

கதவைச் சாத்துவது உங்கள் மீதுள்ள வெறுப்பினால் அன்று. தன் உடல் தனக்கே புதிதாகத் தோன்றும்போது, பிறர் பார்வையிலிருந்து அதைச் சற்று விலக்கிவைக்க அவள் விரும்புகிறாள். தட்டிவிட்டு உள்ளே செல்லுங்கள். வீட்டில் மற்றவர்களும் அப்படியே செய்யட்டும். உயரம் கூடுவதற்குச் சற்று முன்னதாகப் பல பிள்ளைகளுக்கு உடல் எடை கூடுவதுண்டு. அப்போது யாரேனும் ‘குண்டாகிவிட்டாயே’ என்று விளையாட்டாகச் சொல்வதைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள். சொன்னவர் மறந்துவிடுவார், அவள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குவாள்.

கேள்வி: 11 வயது மகன் பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி என்கிறான். எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன. நடிக்கிறான் என்கிறார் என் கணவர். அவனைக் கண்டிப்பதா, விட்டுப்பிடிப்பதா?

பதில்: உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த வலி உண்மையானது. குடலில் அடர்ந்த நரம்புப் பின்னல் ஒன்று இருக்கிறது. அது மூளையுடன் இடைவிடாத தொடர்பில் இருப்பதால், பயமும் பதற்றமும் வயிற்றில் வலியாகவே உணரப்படுகின்றன. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல இந்த வயதில் பலருக்கு வாய் வராது. வயிறு வலிக்கிறது என்று சொல்ல வரும்.

வலி அவனை நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஓரிடத்தில் நிலைத்து வலித்தாலோ மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், விடுமுறை நாட்களில் வலியும் இல்லையென்றால், மேலும் பரிசோதனைகள் செய்துகொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையும் தனக்குள் ஏதோ பெரிய நோய் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்தையே அவனுக்கு வலுப்படுத்தும்.

அடுத்து, காரணத்தைத் தேட வேண்டும். ‘ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்று நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டால் ‘தெரியாது’ என்பதே பதிலாக வரும். சேர்ந்து நடக்கும்போது, அல்லது ஏதேனும் வேலையைச் சேர்ந்து செய்துகொண்டிருக்கும்போது, பள்ளியில் எந்த நேரம் அவனுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். என்னிடம் வரும் சிறுவர்களில் சிலர், பெற்றோர் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். அப்போது வெளிவரும் காரணம் பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம்: கழிப்பறையில் வழிமறிக்கும் மூத்த மாணவர்கள், வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லும் ஒரு பாடவேளை, திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்ட நண்பன்.

கண்டிப்பதும் வேண்டாம், வீட்டிலேயே இருக்க விடுவதும் வேண்டாம். ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும்; மறுநாள் காலை பயம் இருமடங்காகத் திரும்பும். ஆசிரியரிடம் நீங்கள் என்ன பேசப்போகிறீர்கள் என்பதை அவனுக்கு முன்பே தெரிவித்துவிட்டு, பள்ளியின் உதவியுடன் காரணத்தை நீக்க முயலுங்கள். சோர்வும், விரும்பியவற்றில் நாட்டமின்மையும், தூக்கக் குறைவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, அந்த இரண்டு வாரங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். அப்படிப்பட்ட எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: என் பிள்ளைக்கு 12 வயதாகிறது, இரவு பதினொரு மணிக்கும் தூங்குவதில்லை. எத்தனை மணி நேரத் தூக்கம் தேவை?

பதில்: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்பருவத்தில் 8 முதல் 10 மணி நேரம். பருவ மாற்றத்தின்போது தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால், முழுக்க அடம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படுக்கையில் கைபேசி இருந்தால் அந்தத் தாமதம் இன்னும் நீளும். இரவில் எல்லாக் கைபேசிகளையும், உங்களுடையதையும் சேர்த்துத்தான், படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். பகலில் மூச்சு வாங்கும்படி ஒரு மணி நேரமாவது ஓடியாடட்டும்.

கேள்வி (ஒரு மாணவன் தானே எழுதியது): எனக்கு 13 வயது. மார்பு பெண்களுக்கு இருப்பது போல் சற்று வீங்கியிருக்கிறது. நீச்சல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எனக்கு என்ன நோய்?

பதில்: தம்பி, பெரும்பாலும் இது நோய் அன்று. பருவ மாற்றத்தின்போது ஏறக்குறைய பாதி ஆண் பிள்ளைகளுக்கு இது நேர்கிறது. ஹார்மோன்களின் ஏற்ற இறக்கமே காரணம். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வடிந்துவிடும். மிகவும் பெரிதாகிக்கொண்டே போனாலோ, நீர் கசிந்தாலோ வீட்டில் சொல்லி மருத்துவரிடம் செல். அதுவரை, பனியன் அணிந்து நீந்த முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேட்டுப்பார்.