சம்பவ இடத்தில் கேமரா: கேட்டதும் பதிலும்

பயிற்சி எஸ்.ஐ.: சம்பவ இடத்துக்குப் போனதும் முதல் படம் எதை எடுக்கணும் சார்?

ஒரு தாளை. நிலையம், குற்ற எண், தேதி, நேரம், எடுப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதி அதை எடுங்கள். குற்ற எண் இன்னும் விழவில்லை என்றால் முகவரி போதும். அதற்கு முன்பே கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

பிறகு வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். தெரு, வாசல், அதன்பின் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் எதிர் மூலையைப் பார்த்து ஒவ்வொரு படம். அடுத்து நடுத்தூரம்: உதாரணமாக, கிடக்கும் கத்தியும் பக்கத்துக் கட்டில் காலும் ஒரே படத்தில் வரவேண்டும். கடைசியாகத்தான் நெருக்கப் படம். பலரும் விட்டுவிடுவது அந்த நடுத்தூரப் படத்தைத்தான். அது இல்லாமல் கத்தியை மட்டும் பெரிதாகக் காட்டினால், அது எங்கே கிடந்தது என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்குப் படத்தில் பதில் இருக்காது.

நெருக்கப் படத்தை முதலில் ஸ்கேல் இல்லாமலும், அப்படியே நகராமல் ஸ்கேல் வைத்தும் எடுங்கள். ஸ்கேலுக்கு அடியில் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு முதல் படமே சாட்சி.

காவலர்: மண்ணில் செருப்புத் தடம். மேலே நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்தேன், கோடுகளே தெரியவில்லை.

நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். கோடு தெரிய நிழல் வேண்டும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தடத்திலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி, தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். வெயிலாக இருந்தால் குடையால் மறையுங்கள். குறைந்தது மூன்று திசைகளிலிருந்து ஒளி கொடுத்துத் தனித்தனிப் படம். ஒரு திசையில் மறைந்த கீறல் இன்னொன்றில் எழும்பி வரும்.

கேமரா டிரைபாடில் இருக்கட்டும். லென்ஸ் தடத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கவேண்டும். சாய்ந்தால் அளவு கெடும். லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 8 முதல் எஃப் 11, ஃபோகஸ் தடத்தின் அடிப்பகுதியில்.

ஸ்கேலைத் தரைமட்டத்தில் வைப்பதுதான் பெரிய பிழை. தடம் 2 செ.மீ. ஆழம், கேமரா அடிப்பகுதியிலிருந்து 100 செ.மீ. உயரம் என்று வையுங்கள். மேலே கிடக்கும் ஸ்கேல் 2 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதை வைத்து அளந்தால் 30 செ.மீ. தடத்தில் சுமார் 6 மி.மீ. குறையும், செருப்பு சைஸையே தவறாகக் காட்டிவிடலாம். தடத்தின் ஓரத்தைத் தொடாமல் பக்கத்தில் மண்ணைச் சற்றுத் தோண்டி, அடிப்பகுதிக்குச் சமமாக ஸ்கேலை வையுங்கள். தடத்துக்குள் பதிந்த கல், இலையைப் பிடுங்காதீர்கள். தடத்தில் கலவை ஊற்றி அச்சு வார்ப்பதெல்லாம் படம் முடிந்த பிறகே.

கேள்வி: வெள்ளை டைல்ஸில் ரத்தம். படம் முழுக்கச் சாம்பலாக வருகிறது.

வெள்ளையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இருமடங்கு) ஏற்றுங்கள். ஃபிளாஷ் பளிச்சென்று திரும்பி அடித்தால் அதைப் பக்கவாட்டில் 45 டிகிரியில் வையுங்கள்.

கேள்வி: மங்கலாக வந்த படங்களை அழிக்கலாமா?

கூடாது. கோப்பு எண்ணில் ஓர் இடைவெளி விழுந்தால், எதை மறைத்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.

தலைமைக் காவலர்: வீடியோவில் ஒலி வேண்டுமா? வேண்டாம் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள்.

இரண்டும் வேறு வேறு. இடத்தைச் சுற்றிக் காட்டும் வீடியோவில் ஊகங்களும் அரட்டையும் பதியக்கூடாது என்பதற்காக அமைதி காக்கச் சொல்வது நியாயம். ஆனால் சோதனையும் கைப்பற்றலும் அப்படியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105 ஒலி-ஒளிப் பதிவையே கேட்கிறது. பொருட்பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் கையெழுத்திடுவதும் அதில் வரவேண்டும். பதிவைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும்.

கேமராவை மெதுவாகத் திருப்புங்கள், ஜூம் வேண்டாம். சோதனைப் பதிவை நடுவில் நிறுத்தாதீர்கள்; நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் காரணத்தையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லி நிறுத்துங்கள்.

கேள்வி: செல்போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் ஆய்வாளருக்கு அனுப்பினால் போதுமா?

அவர் பார்க்க அனுப்பலாம், சான்றாக அது நிற்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். கோப்பில் ஒரு பிட் மாறினாலே ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் அதன் கைரேகை போன்ற குறியீடு, மாறும். பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழில் எழுத வேண்டியது அந்த மதிப்பைத்தான். அசல் கோப்பை கேபிள் மூலம் நகலெடுத்து, அப்போதே ஷா-256 முறையில் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். சான்றிதழின் முதல் பகுதியில் பதிவை அளிப்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திடவேண்டும்.

இன்னொன்று: மிக அருகில் போனால் பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி ஓரங்களை வளைத்துவிடும். சற்றுப் பின்வாங்கி 2 எக்ஸில் எடுங்கள்.